இனம் என்கிற கட்டம்

"தகப்பன்ர பிறப்புப் பத்திரத்தில இந்தியத் தமிழர் எண்டு இருக்கு. பிள்ளைக்கும் அதைத்தான் எழுதலாம்."

பதிவாளர் சரோஜினி படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

விஜேந்திரன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். கொழும்பில் துணிக்கடை வேலை. இரண்டு நாள் லீவில் வந்தவன், காலையிலேயே தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, லுணுகலையில் பஸ் மாறி வந்திருந்தான்.

"என் பத்திரத்துல அப்படித்தான் இருக்கு, மிஸ். எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு. இங்கதான் பொதைச்சோம். இந்தியாவுல எங்களுக்கு யாரு இருக்கா? ஒரு அட்ரஸ்கூடத் தெரியாது."

"அதை எனக்குச் சொல்லி என்ன செய்யிறது?"

"இலங்கைத் தமிழர்னு போட்டா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகும்?"

"சட்டம் எண்டு ஒண்டு இருக்குத் தம்பி." அவர் குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்தது. "நினைச்சமாதிரி எழுத ஏலாது."

அந்த 'எண்டு' அவனுக்குச் சுருக்கென்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சு. கடை முதலாளியும் இப்படித்தான் பேசுவார். எட்டு வருஷமாக வேலை செய்கிறவனை ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தோட்டத்துப் பெடியன்'தான்.

"இண்டைக்கே பதிய வேணுமெண்டில்லை. மூண்டு மாதம் தவணை இருக்கு. அடுத்த மாதம் வாங்கோ."

"அடுத்த மாசம் லீவு கிடைக்காது மிஸ். வந்தா மட்டும் சட்டம் மாறிடுமா?"

அவர் பேனாவை மூடினார்.

விஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க லயத்து வீடுகள்ல அழகையா பேத்திக்கு இலங்கைத் தமிழர்னுதான் இருக்கு. நீங்கதான் கையெழுத்து வச்சிருக்கீங்க. என் கண்ணால பார்த்தேன். அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

சரோஜினியின் முகம் வெளுத்தது.

"நான் அப்பிடி எழுதேல்லை. சத்தம் போடாதேங்கோ."

"பொய் சொல்றீங்க!" அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "கொழுந்து பறிக்கன்னா நாங்க இந்த நாட்டு ஆளுங்க. பேப்பர்னு வந்தா இந்தியாக்காரங்க. நாங்க கீழயே கிடக்கணும், அதானே உங்க ஆளுங்களுக்கு வேணும்?"

அவர் கண் உள் அறைக் கதவுப் பக்கம் போனது.

படிவத்தை இழுத்தெடுத்துக்கொண்டு வெளியே வந்தான். படி இறங்குவதற்குள் கோபம் தீர்ந்துபோய், அலுப்புத்தான் மிச்சம் இருந்தது. மனைவி துஷாந்தினி போனில் கூப்பிட்டாள்.

"எழுதியாச்சா?"

"இல்ல."

"என்னவாம்?"

"எல்லாம் பழைய கதைதான்."

"எதையாவது எழுதிட்டு வந்துருங்க. பிள்ளைக்குப் பேரு பதிஞ்சா போதும்."

பஸ் தரிப்பிடத்தில் போய் உட்கார்ந்தான். எழுதாமல் போவதா, திரும்பிப் போய்த் தலை குனிந்து கையெழுத்துப் போடுவதா என்று யோசித்தபடி இருந்தபோது, அலுவலகப் பியோன் பஸீல் மூச்சு வாங்க வந்தார்.

"தம்பி, போயிடாதீங்க. மிஸ் சொல்லி அனுப்பினாங்க. அடுத்த மாசம் கட்டாயம் வரணுமாம். உங்களுக்கு லீவு இல்லாட்டி சம்சாரத்த அனுப்பட்டுமாம்."

"பஸீல் நானா, எதுக்கு? அவளையும் அலைய வைக்கவா?"

பஸீல் ஒருமுறை அலுவலகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள் ரூம்ல ஒரு பெரிய ஐயா வந்திருக்கார். மூணு நாளா பழைய பதிவுப் புத்தகமெல்லாம் பொரட்டிக்கிட்டு இருக்கார். நீங்க போட்ட சத்தத்துல எழும்பி வந்து, அழகையா எந்தத் தோட்டம்னு என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டார்."

விஜேந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவருக்கு எதுக்கு அது?"

"மிஸ் மேல விசாரணை தம்பி. 'சுத்திவரத் தேயிலைத் தோட்டம். பதினோரு வருஷமா இந்தப் பிரிவுல ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளைகூடப் பொறக்கலையே, அது எப்படி'ன்னு கேக்குறாங்க."