மேல்வீட்டுக்காரியின் யப்பான் படங்கள்

மேல்வீட்டுத் தர்மிகா யப்பான் போய்வந்த படங்களைக் கொம்பியூட்டரில காட்டினாள். எங்கட எல்லிங்ஸ்ருட் தொடர்மாடியில இவளுக்கு மட்டும் இப்பிடியொரு வாழ்வு! எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

"பொம்பிளையள் தனியப் போகத் தோதான நாடு அக்கா. இது தேத்தண்ணிச் சடங்கு. இஞ்சை பாருங்கோ, கிமோனோவோட நான்!"

"வடிவாத்தான் இருக்கு" எண்டன். என்ர மனுசன் என்னைப் பக்கத்து நாடு சுவீடனுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அடுத்த படத்தில ஒரு யப்பான்காரி பச்சைப் பட்டுச்சேலையில சிரிச்சுக்கொண்டு நிண்டாள்.

"இவதான் எனக்குக் கிமோனோ கட்டிவிட்டவ. பதிலுக்கு நான் சேலை கட்டிவிட்டனான். பாக்கச் சனம் சுத்தி நிண்டது அக்கா!"

முந்தானையைப் பாத்தன். மஞ்சள் மயில். லில்லெஸ்ட்ரோமில நடந்த ஒரு கலியாணத்துக்கெண்டு இவள் என்னட்டை இரவல் வாங்கின சேலை!

தர்மிகாவில இருந்த எரிச்சல் அந்த இடத்திலேயே மறந்துபோச்சு. எனக்கு முந்தியே யப்பான் பாத்த என்ர சேலையிலதான் இப்ப எரிச்சல்.