நாலாவது காந்தம்

ஷாஜன் பிரபினின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்திருந்தான். மேல் பொத்தான் தெறித்து மேசைக்கு அடியில் உருண்டது.

"சொல்லுல! எனக்க பெண்டாட்டி ஒரு மாசமாட்டு உக்காந்து செய்த சாதனம். எப்பம்ல கை வெச்ச?"

"சத்தியமாட்டு நான் தொடல்ல அண்ணே. அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

ஷாஜனின் மனைவி ஜெப்சி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மோட்டார் மேசைமேல் அசையாமல் நின்றது. பழைய சி.டி. தட்டின் விளிம்பில் நான்கு காந்தங்கள், கீழே நானூறு சுற்றுச் செம்புக்கம்பிச் சுருள், ஒரு சின்ன பேட்டரி. காந்தம் ஒவ்வொன்றும் அருகே வரும்போது குட்டிச் சுவிட்ச் மூடும். சுருளில் ஒரு கணம் மின்சாரம் பாய்ந்து காந்தத்தைத் தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

நாகர்கோவிலில் நடக்கும் அந்த மோட்டார் செய்முறை மாலை வகுப்பில் பதினெட்டுப் பேர். இன்று யாருடைய மோட்டார் அதிக நேரம் ஓடுகிறதோ அவருக்குக் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரே ஓர் இடம். ஜெப்சிக்கு இல்லையென்றால் அது பிரபினுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

சற்று முன்பு, வகுப்பு ஆசிரியர் தாணுலிங்கம் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஜெப்சியின் தட்டு ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. மூன்று காந்தங்களைத் தள்ளிவிட்ட சுருள், நாலாவதைப் பிடித்து நிறுத்தியது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகித்தாள். பேட்டரியை மாற்றினாள். கம்பி முனைகளைச் சுரண்டினாள். பிறகு ஓர் உதிரிக் காந்தத்தை நான்கின் அருகிலும் கொண்டுபோனாள். மூன்று அதைத் தள்ளின, ஒன்று இழுத்தது. நாலாவது தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது.

நானே தப்பாக ஒட்டிவிட்டேனோ? நோட்டைப் புரட்டினாள். நேற்றைய தேதியில் அவள் கையெழுத்து: 'மாலை 6.40. பதினொரு நிமிடம் ஓடியது. நானாக நிறுத்தினேன்.'

"வந்த உடனே நான் ஃபாரம் எழுத ஆபீசுக்குப் போனப்ப, இங்க பிரபின் மட்டுந்தான் இருந்தான் சார்," என்றாள்.

அதைக் கேட்டுத்தான் வாசலில் நின்ற ஷாஜன் உள்ளே பாய்ந்தான்.

"நான் நேத்தே சொன்னம்லா?" இப்போது அவன் சாரைப் பார்த்துக் கத்தினான். "இங்க வெச்சா இவனுவ ஏதாவது செய்வானுவன்னு. அதுக்குத்தானே வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன்? பிள்ளையக் கொண்டு வாறது போல பஸ்சுல மடியில வெச்சுல்லா கொண்டு வந்தேன்!"

அது உண்மை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கும் வீட்டிலிருந்து இங்கு வரும்வரை யாரையும் அவன் இடிக்க விடவில்லை. அந்த வேலையைப் பற்றி மட்டும் கேலி செய்வான். "நீ கோயம்புத்தூருக்குப் போனா எனக்கு யாருட்டி கஞ்சி வெப்பா?" சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

வீட்டில் வைத்து அவள் எதையும் ஒட்டியதில்லை. முதல் நாள் முற்றத்தில் உட்கார்ந்து முயன்று பார்த்தாள். கடற்கரையின் கறுத்த மண் காந்தத்தில் தாடிபோல முளைத்து, பசை பிடிக்கவே இல்லை. அதனால் நான்கையும் கழுவித் துடைத்து, வகுப்பில் இந்த மேசைமேல் வைத்துத்தான் ஒட்டினாள். நேற்று வீட்டுக்குக் கொண்டுபோனபோதும் இரண்டு பாலிதீன் கவர் போட்டுக் கட்டியிருந்தாள்.

"பிரபின், உனக்க பேர வெட்டியாச்சு." சார் சிவப்பு மையால் கோடு போட்டார். "நல்லா ஓடுற மோட்டார்லா உனக்கது? இந்தப் புத்தி எதுக்கு மக்கா?"

பிரபின் அழுதான். பக்கத்து மேசையில் அவனுடைய மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நேரம் பார்க்கவில்லை.

"ஜெப்சி, பத்து நிமிஷம் தாறேன். சரியாக்கும்மா."

"வேண்டாம் சார்," என்றான் ஷாஜன். காலரை விடாமலே மனைவியிடம் குரலைத் தாழ்த்தினான். "போகட்டு பிள்ள. நமக்கு இந்த வேல வேண்டாம். வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் பிளேடை எடுத்து நாலாவது காந்தத்தின் அடியில் கொடுத்து நெம்பினாள். பசையோடு பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தாள். தட்டோடு ஒட்டியிருந்த பக்கத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. விரலால் தேய்த்தாள். போகவில்லை, பசைக்குள் உறைந்திருந்தது.

இங்கே கழுவித் துடைத்து ஒட்டியபோது அதில் ஒரு துகள்கூட இல்லை.

ஜெப்சி நிமிர்ந்து தன் கணவனைப் பார்த்தாள்.

"அவன விடுங்க. இது நம்ம முற்றத்து மண்ணு."