காதோரத்து வெள்ளி

"ஏட்டி, என் மூஞ்சி இப்படிப் பச்சையாவா இருக்கு?"

ஓவியக் கல்லூரியில் படிக்கும் மகள் மாரிசெல்வி வரைந்து வந்த தன் முகத்தைப் பார்த்து, முருகம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"போட்டோ இல்லம்மா, கலர்ல மனச வரையுறது. பச்சை, ஒன் பிடிவாதம். நெத்தியில பிரஷ்ஷை அழுத்தி இழுத்திருக்கேன்ல அந்தச் செவப்பு, என்னைய வையும்போது வார கோவம். கண்ணுக்குக் கீழ நீலம், தீவாளி சீசன் அசதி."

"பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுறவளுக்கு என்னட்டி அசதி? நெழல்ல உக்காந்து பாக்குற வேலை."

மாரிசெல்வி படத்தை அம்மாவின் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தாள்.

முருகம்மாள் படத்தின் காதோரம் விரலை வைத்தாள். "இங்கன வெள்ளியாத் தெளிச்சிருக்கியே, இது என்ன மனசு?"

"அது மட்டும் மனசு இல்லம்மா, கண்ணால பாத்தது. நீ குளிச்சிட்டு வந்தாலும் காதுக்குப் பின்னால ஒட்டுன வெள்ளி போக மாட்டேங்குது. வெடிக்கு மருந்து செலுத்துறவுக மேலதான் அந்த அலுமினியப் பவுடர் ஒட்டும்."

முருகம்மாளின் கை தானாகக் காதுக்குப் போனது.

"எப்பருந்து தெரியும்?"

"மருந்து வேலைய விட்டுட்டு லேபிள் ஒட்டுற வேலைக்கு மாறிட்டேன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனியே, அன்னைல இருந்து."

மாரிசெல்வி ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தலையச் சாய்."