பி.பி. நம்பர்

“நல்லாத்தான் இருக்கேன். சரிட்டி, போனை வையி.”

அவ்வளவுதான். தேவமணி டீச்சர் ரிசீவரை வைத்துவிட்டார்.

வாசலில் நின்ற தளவாய்க்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நாகர்கோவிலில் இருந்து பேசியது டீச்சரின் ஒரே மகள் சாலோமி. இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். பெற்ற மகளிடம் நாலு வார்த்தை பேசக்கூட மனசில்லாத பொம்பளை உண்டுமா?

“டீச்சர், எனக்கு ஏதும்...”

“வரல தம்பி.”

கதவு சாத்திக்கொண்டது.

பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டுக்கு அடுத்த வீட்டு மாடியறையில் தளவாய் தனியாக இருந்தான். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகியும் வேலை அமையவில்லை. ஊரில் தலைகாட்டினால் போதும். “என்னவே பைலட்டு, பிளேனை எங்கன நிறுத்திட்டு வாரீரு?” என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பயந்தே இங்கே வந்து, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டினான்.

அந்த வருஷம், தொண்ணூற்றைந்தில், புதிதாக ஒரு விமானக் கம்பெனி கிளம்பியது. ரயிலில் முதல் வகுப்புக்குக் கொடுக்கிற காசில் விமானத்தில் போகலாம் என்று விளம்பரம். பைலட்டுகள் தேவை என்றும் பேப்பரில் போட்டிருந்தார்கள். தளவாய் விண்ணப்பம் போட்டான். போன் நம்பர் கேட்டிருந்தார்கள். அவனிடம் ஏது போன்? பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பி.பி. என்று எழுதுவதுதான் அப்போதெல்லாம் வழக்கம்.

டீச்சரிடம் போய்க் கேட்டான். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“போன் வந்தா மாடி ஏறி வந்தெல்லாம் என்னால சொல்ல முடியாது. நீதான் வந்து கேட்டுக்கிடணும்.”

“சரிங்க டீச்சர்.”

மெட்ராசில் இன்டர்வியூ நல்லபடியாகவே முடிந்தது. எடுத்துக்கொண்டால் போனில் சொல்வோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் படியிறங்கிப் போய்க் கேட்பான். “வரல தம்பி.” அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. உள்ளே வா என்றதில்லை. டியூஷன் பிள்ளைகள் போன பிறகு அவனிடம் பேச வேறு ஆளும் இல்லை. சில நாள், அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கத்தான் போகிறோமோ என்றுகூடத் தோன்றும்.

ஒருநாள் சர்ச் பெண்கள் சிலர் டீச்சரை ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட வந்தார்கள். கேட்டிலேயே நிறுத்தி, “எனக்குத் தோதில்ல. நீங்க போங்க” என்று அனுப்பிவிட்டார். மாடியிலிருந்து தளவாய் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோடும் ஒட்டாத ஜென்மம். இது, போன் வந்திருந்தாலும் சொல்லாமல் இருந்துவிடுமோ?

அந்த நினைப்பு வந்தபின் இருப்புக் கொள்ளவில்லை. மார்க்கெட் பக்கம் காஜா முகைதீன் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கம்பெனிக்கு அவனே போன் போட்டான்.

“தளவாய்தானே? நாங்களே நாளைக்குக் கூப்பிடறதா இருந்தோம். உங்களை எடுத்தாச்சு. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க.”

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரே காஜா முகைதீன்தான் இருந்தார்.

“பாய், எனக்கு வேலை கிடைச்சிட்டு.”

“அல்ஹம்துலில்லா. நல்லபடியாப் போயிட்டு வாரும்” என்றவர், அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே அறையைப் பூட்டிக்கொண்டு, பெட்டியோடு இறங்கினான். டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் நின்றான்.

‘இவளிடம் சொல்ல என்ன கிடக்கிறது?’

ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.

மூன்று மாதப் பயிற்சி முடித்து, அறையைக் காலி செய்ய வந்தபோது டீச்சர் வீட்டுக் கதவு திறந்துகிடந்தது. பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சாலோமியாகத்தான் இருக்கும்.

“யாரு?”

“பக்கத்து மாடியில இருக்கேன். தளவாய்.”

அவள் முகம் மாறியது.

“நீங்கதானா அது? என் பேறுகாலத்துக்கு அம்மா வரல, தெரியுமா? மாமியார்தான் பாத்தாவ. ‘அந்தப் பையனுக்கு வேலைக்குப் போன் வரும். நான் இல்லாத நேரம் வந்துட்டா அவன் பொழப்பு என்னாவும்’னுட்டா. நான் போன் பண்ணினாலும், ‘லைன் அடைஞ்சுகிடக்கக் கூடாது, வையிட்டி’ம்பா. கடைசியில நானே பிள்ளையத் தூக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு.”

தளவாய் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறினான்.

“மூணு மாசமா மாடி பூட்டிக்கிடக்கே, அந்த ஆளு இனி வரவா போறாருன்னு கேட்டேன். ‘வேல தேடி எங்கெங்க அலையுதானோ, பாவம். போன் வந்தா நாமதான் கேட்டு வைக்கணும்’னுட்டா.”

பேச்சுக்குரல் கேட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே தேவமணி டீச்சர் அடுக்களையிலிருந்து வந்தார். அவனைப் பார்த்ததும் முதல் முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரு. ரொம்ப அலைஞ்சிட்டியோ, முகமெல்லாம் வாடிக்கிடக்கு.” ஏதோ தன் மேல்தான் தப்பு என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார். “போன் இன்னும் வரல தம்பி. மனச விட்டுராத. நான் இங்கனதான் இருப்பேன், எங்கயும் போவ மாட்டேன்.”