ஆளுக்கு அரைப் பத்தி

"முதல்ல செய்திய எழுதிக்கோ, ஆதம். மத்தியான ரயில்ல பத்திரிகை செடெனாக் ஊருக்குப் போய்ச் சேரணும்," என்றார் ஆசிரியர் சதாசிவம்.

அச்சுக்கோக்கும் ஆதம் பென்சிலை எடுத்தார்.

"இந்த வருஷ பட்ஜெட்ல நம்ம கடைத்தெரு சாக்கடைக்குப் பாலம் போட்டாச்சுன்னு டவுன் போர்டு சொல்லுது. போடவே இல்லைன்னு ஊர் சொல்லுது. ஆளுக்கு அரைப் பத்தி குடு."

"ஊர்ல முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க ஐயா. போட்டாச்சுன்னு சொல்றது போர்டு ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி ஒருத்தர்தான்."

"அரைப் பத்தின்னா அரைப் பத்திதான். நம்மளது நடுநிலைப் பத்திரிகை."

"பாலம் இல்லைன்னு நமக்கே தெரியும் லா."

"நமக்குத் தெரிஞ்சத யார் கேட்டா? தலைப்பு எழுதிக்கோ. 'பாலம் உண்டா? மாறுபட்ட கருத்துகள்.'"

ஆதம் எழுதி முடித்தார்.

"சரி, இப்ப அந்த ஏணிய இறக்கு," என்றார் சதாசிவம். பாலம் இருக்கவேண்டிய இடத்தில் விழுந்து, அரை மணி நேரமாக மார்பளவுச் சாக்கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆதம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க ஐயா. இறக்க வேணாம்னு சொல்றவங்களும் யாராச்சும் இருப்பாங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."