ஆற்றில் விடாத துணி

நஞ்சுண்டன் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது டி.வி.யில் ஆட்டம் தொடங்கியிருந்தது.

பல்லடத்தில் அவருடைய தறிப் பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. மகன் தீபக் அமெரிக்காவில் கார் விபத்தில் போய்விட்டான் என்று போன் வந்தபோது நின்ற தறிகள், கருமாதி முடிந்து ஓட ஆரம்பித்த பிறகு இன்றைக்குத்தான் நிற்கின்றன.

இங்கே புத்தாண்டுக்கு மறுநாள் விடிந்துவிட்டது. அங்கே இன்னும் புத்தாண்டு இரவு முடியவில்லை.

தீபக்கோடு தங்கியிருந்த நிதீஷ்தான் சேதி அனுப்பியிருந்தான், தீபக் படித்த காலேஜ் ஆடுகிறது, பாருங்கள் என்று. நஞ்சுண்டனின் தம்பி மகள் வர்ஷினி பல்கூடத் துலக்காமல் ஓடி வந்து போனை டி.வி.யோடு இணைத்துவிட்டாள்.

"சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடுன காலேஜுகளக் கூப்பிட்டு ஆட வெப்பாங்க பெரியப்பா. பவுல் கேம்னு பேரு. நீலச் சட்டைதானுங்க நம்ம அண்ணன் காலேஜு."

நஞ்சுண்டனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. புட்பால் என்கிறார்கள். பந்து என்னவோ உரித்த தேங்காய் மாதிரி இருக்கிறது. அதைக் காலால் உதைப்பதை விட்டுவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறவன் மேல் தடித்தடியாக நாலு பேர் விழுகிறார்கள்.

இதைப் பார்க்கவா தீபக் கொட்டுகிற பனியில் போய் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான் என்று நினைத்தார்.

அவர் மனைவி குழந்தையம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்.

தீபக்கின் பெட்டி ஊர் வந்து சேர்ந்ததும், இறந்தவன் துணி வீட்டில் இருக்கக்கூடாது என்று பவானி கூடுதுறைக்கு எடுத்துப்போய் ஆற்றில் விட்டார்கள். சட்டை, ஜீன்ஸ், விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ள இங்கிருந்து கொண்டுபோன பட்டு வேட்டி, எல்லாம் தண்ணீரோடு போயின. இதை மட்டும் குழந்தையம்மாள் மாரோடு இறுக்கிக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். பெற்றவள் ஆயிற்றே, போகட்டும் என்று நஞ்சுண்டனும் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அது அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. துவைக்கவும் விடவில்லை.

ஸ்வெட்டரை மடியில் விரித்துப்போட்டுக்கொண்டு டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தாள். அதன் நெஞ்சில் பெரிதாக வெள்ளை எழுத்துகள்.

திரையில் நீலச் சட்டைக்காரர்களை எதிர்த்து ஆடுகிறவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் சட்டை சிவப்பு. நெஞ்சில் அதே வெள்ளை எழுத்துகள்.

வர்ஷினி வாயைத் திறந்தாள். நஞ்சுண்டன் கண்ணைக் காட்டினார். அவள் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் ஸ்வெட்டரை நன்றாகப் பார்த்தார். குறுகலான தோள். சின்னக் கை. ஆறடி வளர்ந்த தீபக் இதில் தலையைக்கூட நுழைத்திருக்க முடியாது. ராத்திரி பகலாகத் துணியோடு கிடக்கிற தன் கண்ணுக்கு இத்தனை நாளாக இது படவில்லையே என்று நொந்துகொண்டார்.

யாரோ ஒரு பெண்ணின் ஸ்வெட்டர். அந்தச் சிவப்புச் சட்டைக் காலேஜில் படிக்கிற பெண்.

ஒரு வார்த்தை சொன்னானா பாவி என்று மகன்மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள அவன் இல்லை.

மகன் வாசனை என்று நினைத்துத்தானே இவள் இதில் முகம் புதைத்துப் படுக்கிறாள். உண்மையைச் சொன்னால் இன்னொரு தடவை பிள்ளையைப் பறிகொடுப்பாள். சொல்லக்கூடாது, என்றைக்கும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு ஓடினான். "ஓடு கண்ணு, ஓடு," என்று குழந்தையம்மாள் முன்னால் சரிந்தாள். பையன் போன பிறகு அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அவர் கேட்டதில்லை.

நஞ்சுண்டனும் கை தட்டினார். மகன் காலேஜுக்கு எதிராகத் தட்டுகிறோமே என்று உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினார்.

கடைசியில் நீலம்தான் ஜெயித்தது.

கேமரா சிவப்புக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கன்னத்தில் சிவப்பு பூசிய பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். குழந்தையம்மாள் எழுந்து டி.வி.க்குக் கிட்டத்தில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விளம்பரம் வந்ததும் அங்கேயே நின்று அழுதாள்.

நஞ்சுண்டன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "உடு குழந்தையம்மா. வெளையாட்டுதானே. அடுத்த வருசம் நம்ம பசங்க ஜெயிச்சுப்போடுவாங்க."

"நம்ம பசங்கதானுங்களே இப்ப ஜெயிச்சது," என்றாள் அவள்.

குழந்தையம்மாள் ஸ்வெட்டரின் பைக்குள் கைவிட்டுத் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்தாள். அதில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. அதை அவருக்குக் காட்டிவிட்டு, சிக்கு விழாமல் பழையபடி பைக்குள்ளேயே வைத்தாள்.

"பொட்டியத் தொறந்த அன்னைக்கே பாத்துட்டனுங்க. நீங்க இன்னும் ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான் சொல்லல. அந்தப் புள்ளையாவது நல்லா இருக்கோணுமில்லீங்க? உசுரோட இருக்கறவ துணிய எப்படிங்க ஆத்துல உடறது?"