தெற்குப் பார்த்த அறை

“ஜன்னலை இன்னும் ஒரு முழம் கீழே இறக்கு, இஸ்மத். படுத்துக்கிட்டே தெருவைப் பார்க்கணும்.”

இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள் சனவ்பர். சுவரை இடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி இஸ்மத் கடப்பாரையைக் கீழே போட்டான்.

“நீ நேத்து காட்டின இடத்துலதான் இடிச்சேன், அக்கா. நாளைக்குக் கதவையும் நகர்த்தச் சொல்லுவியா?”

“சொன்னாலும் சொல்லுவேன். மத்தியானம் உனக்குப் புலவுச் சோறு வேணுமா, வேணாமா?”

முற்றத்தில் வைக்கோலும் மண்ணும் குழைத்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த மவ்ஜூதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் சனவ்பரின் வீட்டில்தான் இருந்தாள். இப்போது கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் ஊரான இஸ்தரவ்ஷான் வழக்கப்படி பெற்றவர்களோடு இருப்பது கடைசி மகன். மூத்தவன் தனிக்குடித்தனம் போக வேண்டும். அதற்காகத்தான் அவள் கணவன் சுஹ்ரோப் இந்தப் பழைய மண்வீட்டை வாங்கினான். கூரை ஒழுகியது, சுவர் உப்பியிருந்தது. பனி விழுவதற்குள் குடியேற வேண்டுமென்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் கைகொடுக்க வந்திருந்தது.

வீட்டைப் பார்த்த அன்றே அந்தத் தெற்கு அறையைத் தன் தையல் மிஷினுக்கென்று மனதில் குறித்துவிட்டாள் மவ்ஜூதா. குளிர்காலத்திலும் நாள் முழுக்க வெயில் விழும் அறை. ஆனால் வேலை தொடங்கிய முதல் நாளே சனவ்பர் அதன் வாசலில் நின்று, எல்லார் முன்னாலும், “இந்த அறை என்னுது. யாரும் இதுல கண்ணு வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “மருமகளைத் தனியா விடமாட்டே போலிருக்கே” என்றபோதும், “ஏன் விடணும்? எனக்கும் இங்க ஒரு அறை இருக்கு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

மவ்ஜூதா கணவனை ஏணியடியில் மடக்கினாள்.

“அத்தை உங்க தம்பிகூடத்தான் இருப்பாங்கன்னு சொன்னீங்களே?”

“ஆமா.”

“அப்புறம் இங்க எதுக்கு அறை?”

“அம்மா கேக்கறாங்க. குடுத்துட்டுப் போவோமே.” அவள் முகத்தைப் பார்க்காமல் கூரைக்கு ஏறிவிட்டான் சுஹ்ரோப்.

சாயங்காலம் கணவாய்க்கு அப்பால் மலைக்கிராமத்திலிருக்கும் அம்மாவிடம் போனில் புலம்பினாள்.

“எனக்குன்னு ஒரு அடுப்படி, ஒரு மூலைன்னு எத்தனை நாளா ஆசைப்பட்டேன் தெரியுமாம்மா?”

“அவங்க மனசு கோணாம நடந்துக்கோ. நல்ல மனுஷி அவங்க.”

“உனக்கென்ன, நீ அங்க ராணி மாதிரி தனியா இருக்கே.”

பசு கத்துகிறது, பார்க்கிறேன் என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சனவ்பர் அந்த அறை வாசற்படியை ஒட்டி இரும்புக் கைப்பிடி பதிக்கச் சொன்னாள். அடுத்த நாள், கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்தால் ஆகாது, அறையை ஒட்டியே வேண்டுமென்றாள். மவ்ஜூதாவால் பொறுக்க முடியவில்லை.

“இதெல்லாம் எதுக்கு அத்தை? நேத்துகூட ஏணியில ஏறி உத்தரத்துக்குச் சாயம் பூசினீங்களே.”

“வயசு இப்படியே நிக்குமா?”

“நீங்க இங்கேயே தங்கப் போறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தங்கினா உனக்குக் கசக்குமா?”

மண் குழைத்தவர்களின் கைகள் நின்றுவிட்டன. மவ்ஜூதாவின் முகம் சிவந்தது.

“நான் அப்படிச் சொல்லல, அத்தை.”

“சொல்லலேன்னா சரி. போய்த் தேநீர் கொண்டா. எல்லாரும் காஞ்சு கிடக்காங்க.”

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பிரசவக் காய்ச்சலில் கிடந்தபோது அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். வாய் நீளம்தான். அதற்காக ஒரு அறைக்குக் கணக்குப் பார்ப்பதா? விடிந்ததும் தையல் மிஷினைத் தாழ்வார மூலைக்கு இழுத்துப் போட்டாள். தன் சீதனத்தில் வந்த கனமான பஞ்சு மெத்தையை எடுத்துவந்து தெற்கு அறையில் அவளே விரித்தாள். மேலே பூவேலை செய்த விரிப்பையும் போட்டாள். அறை நன்றாகத்தான் இருந்தது.

குடியேறும் நாளில் சனவ்பரைக் காணவில்லை. முந்தின நாளே வேன் பிடித்துப் போய்விட்டாளாம். பெட்டி படுக்கையோடு வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் மவ்ஜூதா. முற்றத்துக் கொப்பரையில் புலவு கமகமத்தது. புதுச் சுண்ணாம்புச் சுவரோரம் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடின. கூரையில் ஒரு ஒழுக்குகூட இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக இது தன் வீடு என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் வேன் வந்து நின்றது. சனவ்பர் முன்சீட்டிலிருந்து குதித்து இறங்கினாள். பின்கதவைத் திறந்து உள்ளே கை நீட்டினாள். முதலில் ஒரு ஊன்றுகோல் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய முழங்காலை மெல்ல இறக்கிவைத்தாள் மவ்ஜூதாவின் அம்மா.

“போன பனியில வழுக்கி விழுந்ததை உன்கிட்டக்கூட மறைச்சிருக்காங்க. எத்தனை தடவை கூப்பிட்டும், பொண்ணு வீட்டுல போய் உட்கார்ந்தா ஊர் சிரிக்கும்னு ஒரே பிடிவாதம்” என்றாள் சனவ்பர், மருமகள் ஓடிவருவதைப் பார்த்து. “அதான் அறையை என்னுதுன்னு தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லி வச்சேன். என் அறையில என் சம்பந்தி இருந்தா எவ சிரிக்கறான்னு பார்ப்போம்.”